சோங்சிங் மலைநகரில் வழிகாட்டியோடு ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் சோங்சிங் நகருக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அங்கே போகத் திட்டமிடும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். மூன்று முறையும் எனக்கு வழிகாட்டியவர் ஒரே பெண்மணி. ஊரின் கீழ்ப்பாதியில் ஒரு படிக்கட்டுச் சந்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே எழுதியிருப்பதில் நல்லவை பலவும் அவர் காட்டியவை.

சோங்கிங், சுங்கிங், சோங்சிங் எல்லாம் ஒரே ஊரா?

ஒரே ஊர்தான். பழைய புத்தகங்களில் சுங்கிங் என்று இருக்கும், இப்போதைய செய்திகளில் சோங்கிங் என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வது காதில் விழுவதுபோல் எழுதினால் சோங்சிங். இந்தப் பகுதியின் பெயரில் இளவரசர் பட்டம் பெற்றிருந்த ஒருவர் 1189ல் சோங் வம்சப் பேரரசர் ஆனார். பட்டமும் அரியணையும் அடுத்தடுத்து வந்ததால் ‘இரட்டை மகிழ்ச்சி’ என்ற பொருளில் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தார்கள்.

1997 முதல் பெய்ஜிங், ஷாங்காய், தியென்ஜின் போல இதுவும் மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை மூன்று கோடிக்கு மேல். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி மலையும் வயலும் சிற்றூர்களும்தான். நாம் நடக்கப்போவது யூஜோங் என்ற சின்னத் தீபகற்பத்தில். வடக்கே ஜியாலிங் ஆறு, தெற்கே யாங்சே ஆறு, நடுவே முதுகெலும்பு போல ஒரு மலை. அதன் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் கூடுகின்றன.

நடக்கவே சிரமமான இடத்தில் ஏன் ஊரைக் கட்டினார்கள்?

ஆறுகளுக்காக. மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் சரக்கெல்லாம் படகில் இந்த முனைக்கு வந்துதான் கிழக்கே போக வேண்டும். மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் நிலம் என்பதால் காவலுக்கும் வசதி. மிங் வம்சக் காலத்தில் மதிலுக்குப் பதினேழு வாயில்கள் வைத்தார்கள். அவற்றில் ஒன்பது திறப்பவை, எட்டு எப்போதும் மூடியே இருப்பவை. திறப்பவற்றில் தோங்யுவான்மென் ஒன்றுதான் நிலத்தைப் பார்த்தது, மற்ற எட்டும் ஆற்றங்கரைக்கு இறங்கின. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு தொழில் அடையாளம் உண்டு. சூச்சிமென் என்றால் மருந்துச் சரக்கு, நான்ஜிமென் என்றால் காய்கறி, சியான்சிமென் என்றால் பருத்தி. ‘மென்’ என்றால் வாயில். இன்றும் அந்தப் பெயர்கள் தெருக்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் வியாபாரமும் அரசு அலுவலகங்களும் ஆற்றை ஒட்டிய கீழ்ப்பாதியில்தான் இருந்தன. மேலே வண்டிச் சாலைகள் வந்தது 1920களின் கடைசியில். அதன்பிறகே பணம் மெல்ல மேலே ஏறியது. மேல்பாதி, கீழ்ப்பாதி என்ற பிரிவை இன்றைக்கும் ஊர்க்காரர்கள் வாயில் கேட்கலாம்.

டாக்ஸியிலும் மெட்ரோவிலும் சுற்றினால் போதாதா?

ஊரைச் சுற்றலாம், ஆனால் பார்க்க முடியாது. மெட்ரோ மலைக்குள் புகுந்து போகிறது. ஹோங்யான்சுன் நிலையம் தரைக்குக் கீழே 116 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே வந்து சேர எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டர் ஏற வேண்டும். கார் போகும் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. முப்பது மாடி உயரத்தில் மேம்பாலம் என்று வீடியோக்களில் பார்ப்பது அந்தச் சாலைகளைத்தான்.

இந்த ஊரின் உண்மையான தெருக்கள் படிக்கட்டுகள். சாலை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவை இருந்தன. குழாய் வருவதற்கு முன்னால் குடிக்கிற தண்ணீர்கூட ஆற்றிலிருந்து ஆள் தோளில்தான் படியேறி வந்தது. ‘பா போ ஷாங் கான்’ என்று ஊர்ப்பேச்சில் ஒரு சொல் உண்டு: மேட்டில் ஏறு, படியில் ஏறு. வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டாலும் அதே சொல்தான் பதில் என்றார் எங்கள் வழிகாட்டி. காரில் உட்கார்ந்து போனவருக்கு அந்தச் சொல் வெறும் சத்தம். இருநூறு படி ஏறி மூச்சு வாங்கி நின்றவருக்கு அது புரியும்.

வழிகாட்டி எதற்கு? கைபேசி வரைபடம் இருக்கிறதே?

முதல் முறை போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் தேடிய கடை 40 மீட்டர் தூரத்தில் என்று கைபேசி சொன்னது. அரைமணி நேரம் அந்த இடத்தையே சுற்றினேன். கடைசியில் ஒரு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், கடை எனக்கு நேர் கீழே, பதினோரு மாடி ஆழத்தில். வரைபடத்தில் நான் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வரைபடம் தட்டையானது, இந்த ஊர் அடுக்கானது. அதனால்தான் ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது கிழக்கு, மேற்கு என்று சொல்வதில்லை. மேலே போ, கீழே இறங்கு, இடது பக்கம் திரும்பு என்பார்கள். குய்சிங் லோவ் என்ற கட்டடத்தின் முன்பக்கம் தரையோடு தரையாக ஒரு சதுக்கம் இருக்கிறது. நடந்து அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தால் நீங்கள் நிற்பது இருபத்திரண்டாவது மாடியில்.

வழி தெரிவது மட்டுமே காரணம் என்றால் ஒரே நாளில் பழகிவிடலாம். எந்தப் படிக்கட்டுக்கு என்ன கதை, எந்த இரண்டு இடங்கள் ஒரே கதையைச் சேர்ந்தவை என்று சொல்ல ஆள் வேண்டும். தகவல் பலகைகளில் பெரும்பாலானவை சீன மொழியில்தான். அதைவிட முக்கியம், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது அது என்ன என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது. இங்கே பேசுவது மாண்டரினின் தென்மேற்கு வட்டார வழக்கு. பெய்ஜிங்கில் சீனம் படித்தவர்களே இங்கே வந்து திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நடை எங்கே தொடங்கி எங்கே முடியும்?

ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரு பாதை வைத்திருப்பார். நான் பரிந்துரைப்பது மேலே தொடங்கிக் கீழே முடியும் பாதை. தோங்யுவான்மென் மதிலில் ஆரம்பித்து, ஜியாவ்சாங்கோவ் வழியாக ‘பதினெட்டுப் படி’ என்ற ஷிபாத்தியில் இறங்கி, கீழ்ப்பாதித் தெருக்களில் கிழக்கே நடந்து, பாய்சியாங்ஜு குடியிருப்பு, ஹுகுவாங் மண்டபம், தோங்ஷுயிமென் மதில் பார்த்து, ஆறுகள் கூடும் சாவோதியன்மென் முனையில் முடிப்பது. தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் வரும். ஆனால் நின்று, பார்த்து, சாப்பிட்டுப் போக ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு, எட்டரைக்குத் தொடங்குவது நல்லது.

தோங்யுவான்மென்னில் என்ன இருக்கிறது?

பழைய மதிலின் ஒரு துண்டும் வாயிலும் இன்னும் நிற்கின்றன. மதில்மேல் ஏறி நடக்கலாம். பக்கத்தில் வயதானவர்கள் சீட்டாடுகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள். சுவரில் ஏணி வைத்து ஏறும் படைவீரர்களின் சிலைகளை வைத்திருக்கிறார்கள். 1644ல் சாங் சியன்சோங் என்ற கிளர்ச்சித் தலைவரின் படை இந்த வாயிலைத்தான் உடைத்து உள்ளே வந்தது. நிலத்தைப் பார்த்த ஒரே வாயில் என்பதால் ஊரின் பலவீனமும் இதுவே. பிணங்கள் போன வழியும் இதுதான். மதிலுக்கு வெளியே இடுகாடு.

1644ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் அது திரும்ப வரும்.

பதினெட்டுப் படியில் உண்மையிலேயே பதினெட்டுப் படிகளா?

இருநூறுக்கும் மேல். பெயருக்குப் பல கதைகள். முன்பு இங்கே ஒரு கிணறு இருந்தது, குடியிருப்பிலிருந்து அதற்குப் பதினெட்டுப் படி என்பது எல்லோரும் சொல்லும் கதை.

மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைத்த மிக நெருக்கமான தெரு இதுதான். முடிவெட்டுபவர், காது குடைபவர், பல் கட்டுபவர், தேநீர்க்கடை, நூடுல்ஸ் கடை எல்லாம் படிகளின் ஓரத்திலேயே. 2010 வாக்கில் வீடுகளைக் காலி செய்யத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2021ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இப்போது சுத்தமாக, அழகாக, விளக்கு அலங்காரத்தோடு இருக்கிறது. கடைகள் நிறைய. மரங்கள் சிலவற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அது பெரிய விஷயம்.

ஆனால் இங்கே வாழ்ந்தவர்கள் இல்லை. எங்கள் வழிகாட்டி ஓரிடத்தில் நின்று, “இங்கேதான் எங்கள் பெரியம்மா வீட்டு அடுப்பு இருந்தது” என்று தரையைக் காட்டினார். அங்கே ஒரு பூந்தொட்டி இருந்தது. புதிய கட்டுமானத்தை அவர் குறை சொல்லவில்லை. பழைய வீடுகளில் கழிப்பறை கிடையாது, மழைக்காலத்தில் ஒழுகும், பெரியம்மா லிஃப்ட் உள்ள வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாக இருக்கிறார் என்றார். ஆனாலும் பூந்தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்கினால் இந்தப் படிகள் வேறு மாதிரித் தெரியும்.

பழைய சந்தின் மணம் இன்னும் வேண்டும் என்றால், பக்கத்திலேயே மலைநகர் நடைபாதை என்று ஒன்று செங்குத்தான பாறையை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கீழே யாங்சே. வழிநெடுகக் கல்சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஹுவாங்ஜுவே மரங்கள். ஆல், அரசு குடும்பத்தைச் சேர்ந்த மரம், இந்த ஊரின் அடையாள மரமும் அதுதான். வேர்கள் சுவரில் வலைபோல் படர்ந்திருப்பதைப் பார்த்தால், மரம் சுவரைப் பிடித்திருக்கிறதா, சுவர் மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

ஜியாவ்சாங்கோவில் உள்ள சுரங்க நினைவிடம் எதற்காக? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் சோங்சிங்தான் சீனாவின் தலைநகர். 1937ல் அரசு இங்கே இடம்பெயர்ந்து 1946 வரை இருந்தது. ஜப்பானிய விமானங்கள் 1938 முதல் 1943 வரை இந்த ஊரின்மேல் குண்டு வீசின. 1939 மே 3, 4 இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நேரு இங்கே வந்திருந்தார். அவர் இருந்த நாட்களிலும் குண்டுவீச்சு நடந்தது.

பாறை ஊர் என்பதால் மக்கள் மலையைக் குடைந்து ஒளிந்தார்கள். விமானம் வரும் செய்தி கிடைத்ததும் உயரமான இடங்களில் சிவப்புக் கூண்டு ஏற்றுவார்கள், ஊரே சுரங்கத்துக்கு ஓடும். 1941 ஜூன் 5 மாலை தொடங்கிய தாக்குதல் மணிக்கணக்கில் நீண்டது. ஷிபாத்தி பக்கம் வாயில் கொண்ட பெரிய சுரங்கத்தில் அளவுக்கு மீறிய கூட்டம். காற்று தீர்ந்துபோய், வெளியே வர முண்டியடித்து, மூச்சுத் திணறியும் மிதிபட்டும் இறந்தார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை, பல கணக்குகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. அந்த வாயில்களில் ஒன்றில்தான் நினைவிடம் இருக்கிறது. இன்றும் ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று ஊர் முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கிறது.

குழந்தைகளை அழைத்துப் போகலாம். எங்களோடு வந்த ஒரு பத்து வயதுப் பெண் அதிகம் கேள்வி கேட்டது இங்கேதான். தயவுசெய்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பக்கத்துக் கடைவீதியின் சத்தத்தில் இது கண்ணில் படாமலே போகும்.

போர்க்காலச் சுரங்கங்கள் ஊரெங்கும் இன்னும் உண்டு. சிலவற்றில் ஹாட்பாட் கடைகள் (மேசையிலேயே கொதிக்கும் சாறில் முக்கி வேகவைத்துச் சாப்பிடும் உணவு), சில கிடங்குகள். கோடையில் சிலவற்றை நாற்காலி போட்டு மக்கள் வெயிலுக்கு ஒதுங்கத் திறந்துவிடுகிறார்கள்.

முட்டிவலி இருக்கிறது. அப்பா அம்மாவையும் அழைத்து வரலாமா?

வரலாம், ஆனால் பாதையை மாற்ற வேண்டும். மேலிருந்து கீழே போகும் பாதையில் மூச்சு வாங்காது, அதற்குப் பதில் முட்டி வேலை செய்கிறது. இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம் என்பது பலருக்கும் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. பழைய கல்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்கச் சொல்லிக் கொடுத்தார் வழிகாட்டி. ஊர்ப் பாட்டிகள் எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள், அதுவும் கையில் காய்கறிக் கூடையோடு.

படி வேண்டாம் என்பவர்களுக்கு இந்த ஊரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. காய்சுவான் சாலை லிஃப்ட் 1986 முதல் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைக்கிறது. பேருந்து போலப் பொதுமக்கள் காசு கொடுத்து ஏறும் லிஃப்ட். நான் போனபோது ஒரு யுவான். லியாங்லுகோவ் பக்கம் 112 மீட்டர் நீளமுள்ள ‘மகுடம்’ எஸ்கலேட்டர் 1996ல் திறந்தது, கட்டணம் 2 யுவான். யாங்சேயைக் கடக்கும் ரோப்கார் 1987ல் தொடங்கியது, நீளம் 1,166 மீட்டர். இவை சுற்றுலாவுக்காகக் கட்டியவை அல்ல, அலுவலகம் போகவும் சந்தைக்குப் போகவும் கட்டியவை. பெரியவர்களோடு வந்தால் இந்த மூன்றையும் மட்டும் சேர்த்து ஒரு நாள் அமைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல நடைதான்.

சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ வருபவர்களுக்கு இந்தப் பாதை சரிவராது. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்டே இல்லாத 24 மாடிக் கட்டடம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். பாய்சியாங்ஜு என்ற குடியிருப்பு, 1980களில் கட்டத் தொடங்கியது. 24 மாடி, ஆறு கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. முதல் மாடியிலிருந்து ஒரு தெருவுக்கு வாசல், பத்தாவது மாடியிலிருந்து இன்னொரு தெருவுக்கு, பதினைந்தாவது மாடியிலிருந்து மூன்றாவது தெருவுக்கு. மூன்றும் தரைத்தளம்தான். அதனால் எந்த வீட்டுக்காரரும் ஒன்பது மாடிக்கு மேல் ஏற வேண்டியதில்லை. மலையையே மாடிப்படியாகப் பயன்படுத்திக்கொண்ட அறிவு இது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த கட்டடம்.

கட்டடங்களுக்கு நடுவே அந்தரத்தில் நடைபாலங்கள் போகின்றன. அதில் நின்று பார்த்தால் துணி காயப்போடும் கொடி, அதற்குக் கீழே யாங்சே, மேலே ரோப்கார். படம் எடுக்காமல் யாராலும் இருக்க முடியாது. ஆனால் அது மக்கள் குடியிருக்கும் வீடு. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், சத்தம் போடாதீர்கள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை வயதானவர்கள் தூங்குவார்கள் என்று எங்கள் வழிகாட்டி குழுவை அந்த நேரத்தில் உள்ளே அழைத்துப் போகவே மாட்டார்.

ஹுகுவாங் மண்டபம் பார்க்கத் தகுந்ததா?

மிகவும். காலையில் பார்த்த 1644 இங்கேதான் திரும்ப வருகிறது. மிங் ஆட்சி சரிந்த காலத்துப் போர்களிலும் பஞ்சத்திலும், அப்போது சோங்சிங்கும் சேர்ந்திருந்த சிச்சுவான் பகுதி ஏறக்குறைய காலியாகிப் போனது. பிறகு வந்த சிங் அரசு ஹூபெய், ஹுனான், குவாங்தோங், ஜியாங்சி பக்கங்களிலிருந்து மக்களை வரவழைத்துக் குடியேற்றியது. அப்படி வந்தவர்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்காகக் கட்டிய சங்கக் கட்டடங்களின் தொகுப்பு இது, தொடங்கியது 1759ல். புதிதாக வந்தவருக்கு இடமும் வேலையும் இங்கே கிடைக்கும், சண்டை தீர்ப்பதும் இங்கேதான், திருவிழாவுக்கு நாடகமும் இங்கே.

மரவேலைப்பாடுகளை அவசரப்படாமல் பாருங்கள். நாடக மேடையின் முகப்பில் ஒரு சாண் உயர மனிதர்கள், குதிரைகள், படகுகள். ஒரு படகோட்டியின் துடுப்பில் பொன்பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. அவன் முகத்தில் அது அப்படியே இருந்தது. வழிகாட்டி தன் குடும்பமும் ஹூபெயிலிருந்து வந்தது என்றார். எத்தனை தலைமுறைக்கு முன் என்று கேட்டேன். பத்து, பன்னிரண்டு இருக்கும் என்றார், ஏதோ போன வருடம் வந்தவர் போல.

தடியும் கயிறுமாக நிற்பவர்கள் யார்?

அவர்கள் ‘பாங்பாங்’, அதாவது தடிக்காரர்கள். நம் காவுதடி போலவே ஒரு மூங்கில், இரண்டு கயிறு. வண்டி போகாத ஊரில் அரிசி மூட்டையிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை அவர்கள் தோளில்தான் ஏறியது. “பாங்பாங்!” என்று மேலிருந்து ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வருவார்களாம். 1990களில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகள். சாலை, லிஃப்ட், விநியோக வண்டிகள் வந்தபின் மிகவும் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களும் வயதானவர்கள்.

சாவோதியன்மென் மொத்தக் கடைகளின் பக்கம் ஒருவரைப் பார்த்தேன். எழுபதை நெருங்கும் வயது. மூங்கில் தோளில் உட்காரும் இடம் மட்டும் பழுத்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. துணி மூட்டை இரண்டைக் கட்டி, ஒருமுறை தூக்கிப் பார்த்து, கயிறை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுக் கிளம்பினார். படியில் நேராக ஏறவில்லை, இடம் வலமாகச் சாய்ந்து சாய்ந்து போனார். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வழிகாட்டி கேட்டுச் சொல்வார். வேண்டாம் என்று கை அசைத்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

காலையில் நூடுல்ஸ். ‘சியாவ்மியான்’ என்பார்கள். கடைக்கு வெளியே உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேசை, குட்டி ஸ்டூல்தான் நாற்காலி. படிக்கட்டின் சரிவிலேயே உட்கார்ந்து, மிளகாய் எண்ணெய், சிச்சுவான் மிளகு, பூண்டு, ஊறுகாய்க் கீரை, வேர்க்கடலை போட்ட கிண்ணத்தைக் கிளறிச் சாப்பிட வேண்டும். நம் காரம் தொண்டையில் எரியும். இங்கே காரத்தோடு நாக்கும் உதடும் மரத்துப்போகும். அதற்கு ‘மா’ என்று பெயர், எரிவதற்கு ‘லா’. இரண்டாவது நாளே அந்த மரப்பைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சி இல்லாத சியாவ்மியானிலும் பன்றிக்கொழுப்பு ஒரு கரண்டி விழும், சாறு எலும்பில் கொதித்ததாக இருக்கும். ஹாட்பாட்டின் சிவப்புச் சாறு மாட்டுக்கொழுப்பில்தான் செய்வது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் காய்கறி மட்டும் முக்கினாலும் கொழுப்பு அதுதான். படகுத் துறையின் சுமைக்காரர்களும் படகோட்டிகளும் மலிவான குடல், இரைப்பைத் துண்டுகளைக் காரச் சாறில் வேகவைத்துச் சாப்பிட்டதிலிருந்து வந்த உணவு இது. தடுப்பு வைத்த பாத்திரத்தில் ஒரு பாதி காளான் சாறு கேட்டு வாங்கலாம். ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம். ஆனால் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், கொழுப்பும் எலும்புச் சாறும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதி வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். புத்த கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் அவருக்குத் தெரியும்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்ச் கடைசி, ஏப்ரல், அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் நடக்கத் திட்டமிடாதீர்கள். வூஹான், நான்ஜிங்கோடு சேர்த்து இதை ‘சூளை’ நகரம் என்பார்கள். 2022 ஆகஸ்டில் இங்குள்ள பெய்பெய் பகுதியில் 45 டிகிரி பதிவானது. இரண்டு ஆறுகளின் ஈரமும் சேர்ந்து புழுங்கும்.

குளிர்காலத்தில் பனிமூட்டம். சூரியன் அபூர்வமாக வருவதால் நாய்கள் அதைப் பார்த்துக் குரைக்கும் என்று சிச்சுவான் பக்கத்தில் பழைய பேச்சு உண்டு. ஆனால் மூட்டத்தில் படிக்கட்டின் அடி தெரியாமல் இறங்குவது ஒரு தனி அனுபவம். எனக்கு டிசம்பர் நடைதான் மனதில் நின்றது. மழை பெய்தால் கல்படி வழுக்கும், அன்று அடித்தளம் தேய்ந்த செருப்போடு வரவே வராதீர்கள்.

ரயில் வீட்டுக்குள் போகும் இடமும், இரவு விளக்கில் மின்னும் அந்தக் கட்டடமும் இந்தப் பாதையில் வருமா?

வராது, தனியாகப் போகலாம். ரயில் போகும் இடம் லீசிபா நிலையம். 19 மாடிக் கட்டடத்தின் ஆறிலிருந்து எட்டாவது மாடி வரை நிலையம். வீட்டை இடித்துப் பாதை போட்டதாக நினைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டினார்கள், ரயிலைத் தாங்கும் தூண்கள் வேறு, கட்டடத்தைத் தாங்கும் தூண்கள் வேறு. அதனால் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு அதிர்வு போவதில்லை. ஜியாவ்சாங்கோவிலிருந்தே 2ஆம் தட ரயில் கிளம்புகிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் ஜியாலிங் ஆறு.

விளக்குக் கட்டடம் ஹோங்யாதோங். பதினோரு மாடி, கீழ்மாடியும் தெருவில் முடிகிறது, மேல்மாடியும் தெருவில் முடிகிறது. பழைய மரக்கால் வீடுகளின் பாணியில் 2006ல் திறந்தது. இரவில் தூரத்திலிருந்து பாருங்கள், உள்ளே நெரிசல்.

பணம், விசா, இணையம்?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா எடுத்துத்தான் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். விதிகள் மாறுகின்றன, கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெருவோர நூடுல்ஸ் கடை உட்பட எங்கும் கைபேசியில் பணம் கட்டும் அலிபே அல்லது வீசாட் செயலிதான். ஊரிலேயே வங்கி அட்டையை இணைத்துச் சோதித்துக்கொண்டு போங்கள். கூகுள், வாட்ஸ்அப் அங்கே இயங்காது.

தனியாக வரும் பெண்கள் இந்த நடையில் சேரலாமா?

தாராளமாக. படிக்கட்டுச் சந்துகளில் இரவு பத்து மணிக்கும் பாட்டிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் குழுவில் தனியாக வந்த பெண்கள் இருவர் இருந்தார்கள்.

நேரம் குறைவு. பாதி நாள்தான் இருக்கிறது என்றால்?

கடைவீதியையும் அதன் நடுவே இருக்கும் ஜியேஃபாங்பெய் நினைவுத்தூணையும் விட்டுவிடுங்கள். ஷிபாத்தியில் இறங்கி, பாய்சியாங்ஜுவில் நின்று, ஹுகுவாங் மண்டபம் பார்த்து, சாவோதியன்மென் போங்கள். மூன்று மணி நேரத்தில் முடியும்.

கடைசியில் சாவோதியன்மென்னில் என்ன செய்ய?

உட்காருங்கள். பின்னால் வானுயர்ந்த கோபுரங்கள், அவற்றின் தலையில் 300 மீட்டர் நீளத்துக்குக் கிடைமட்டமாக ஒரு கண்ணாடிப் பாலம். அதற்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்த படிகளில் உட்காருங்கள். இடது பக்கத்திலிருந்து ஜியாலிங் பச்சையாக வரும், வலது பக்கத்திலிருந்து யாங்சே மண்நிறத்தில் வரும். கோடையில் இரண்டும் சேரும் கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வழிகாட்டி பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். சின்ன வயதில் இங்கேதான் அப்பாவோடு வந்து, கீழே போகும் படகுகளை எண்ணுவாராம்.

அப்புறம், திரும்ப மேலே ஏற வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, 1ஆம் தடம்.